சிங்கப்பூர் – நியூயார்க் விமானப் பயணம்: எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அக்கா நியூஜெர்சியில் எடிசனுக்குக் குடிபோனதிலிருந்து எங்கள் வீட்டில் 'ஊருக்குப் போறோம்' என்றால் எந்த ஊர் என்று கேட்க வேண்டியிருக்கிறது. தஞ்சாவூர் என்றால் யாரும் எதுவும் கேட்பதில்லை. அமெரிக்கா என்றால் சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், அம்மாவின் கோயில் தோழிகள் எல்லாரும் ஆளுக்கொரு கேள்வியோடு வருகிறார்கள். எத்தனை மைல், எத்தனை மணி நேரம், எந்தப் பக்கமாகப் போகிறது, போய் இறங்கும்போது என்ன கிழமை? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை எல்லாம் சேர்த்து இங்கே எழுதிவிட்டேன். முதல் தடவையாக வயதானவர்களை அழைத்துக்கொண்டு போகிறவர்களை மனதில் வைத்து எழுதியது.

சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் விமான தூரம் எவ்வளவு?

சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கு 15,349 கிலோமீட்டர். மைலில் சொன்னால் 9,537. விமானிகளும் மாலுமிகளும் கணக்கிடும் கடல் மைலில் 8,288. பக்கத்தில் நியூஜெர்சியில் இருக்கும் நியூவர்க் விமான நிலையத்துக்குச் சில கிலோமீட்டர்தான் குறைவு.

இப்போது வழக்கமாக ஓடும் நிற்காத பயணிகள் சேவைகளில் உலகிலேயே மிக நீளமானது இதுதான். பூமியில் எந்த இரண்டு இடத்தை எடுத்தாலும் அவற்றுக்கு நடுவே தூரம் சுமார் 20,000 கிலோமீட்டரைத் தாண்டாது. அது பூமியின் பாதிச் சுற்றளவு. அதில் முக்கால் பங்குக்கும் மேலே ஒரே மூச்சில் பறக்கிறோம்.

இந்தத் தூரத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? வீட்டிலேயே கணக்குப் போட முடியுமா?

முடியும். அதுவும் இந்த இரண்டு ஊருக்கு மட்டும் கூட்டல், கழித்தல், ஒரு பெருக்கல் போதும். மற்ற ஊர்களுக்கு முக்கோணவியல் வேண்டும்.

பூமி உருண்டை. ஒரு உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய வழி, உருண்டையைச் சரிபாதியாக வெட்டும் பெருவட்டத்தின் ஒரு துண்டு. விமான தூரம் என்று எல்லா இடத்திலும் போடுவது அந்தத் துண்டின் நீளத்தைத்தான்.

சிங்கப்பூர் கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையில் இருக்கிறது. நியூயார்க் மேற்கில் சுமார் 73.8 பாகை. இரண்டையும் கூட்டினால் 177.8. 180 வந்திருந்தால் நியூயார்க் பூமியின் சரியான மறுபக்கத் தீர்க்கரேகையில் இருக்கிறது என்று பொருள். இரண்டே பாகைதான் குறைகிறது. மறுபக்கத் தீர்க்கரேகைக்குப் போக மிகக் குறுகிய வழி வட துருவத்தின் மேலே ஏறி அந்தப் பக்கம் இறங்குவது.

அப்புறம் என்ன, அட்சரேகையை எடுங்கள். சிங்கப்பூர் வடக்கு 1.4 பாகை. அங்கிருந்து துருவம் வரை 90-ல் 1.4 போக 88.6 பாகை. துருவத்திலிருந்து நியூயார்க் இருக்கும் 40.6 வரை இறங்க 49.4 பாகை. மொத்தம் 138. ஒரு பாகைக்கு 111.2 கிலோமீட்டர். பெருக்கினால் 15,346. கணினி சொல்லும் 15,349-க்கும் இதற்கும் மூன்றே கிலோமீட்டர் வித்தியாசம்! முதல் தடவை காகிதத்தில் போட்டுப் பார்த்தபோது நான் நம்பாமல் மறுபடியும் போட்டேன்.

கணக்கு பிடிக்காதவர்களுக்கு நூல் வழி இருக்கிறது. அக்கா மகனிடம் ஒரு பூகோள உருண்டை உண்டு. அம்மா பூக்கட்டும் நூலை எடுத்து ஒரு முனையைச் சிங்கப்பூரில் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டார், மறுமுனையை அவன் நியூயார்க்கில் பிடித்து இழுத்தான். நூல் விறைப்பானதும் தானாகவே நழுவி மேலே ஏறி, உருண்டையைத் தாங்கும் அச்சின் திருகாணியில் போய் இடித்து நின்றது. அந்தத் திருகாணிதான் வட துருவம். "இது என்ன, கொண்டை வழியா போகுது?" என்றார் அம்மா. கொண்டை வழிதான்.

அப்படியானால் விமானம் வட துருவத்துக்கு மேலேயா பறக்கிறது?

வரைகோட்டின்படி, ஆமாம். அந்தக் கோடு தாய்லாந்து வளைகுடாவில் தொடங்கி லாவோஸ், சீனாவின் குன்மிங் பக்கம், மங்கோலியா, சைபீரியா, தைமிர் தீபகற்பம் எல்லாம் தாண்டி, துருவத்துக்கு 300 கிலோமீட்டருக்குள் நெருங்கி, அந்தப் பக்கம் கனடாவின் பாஃபின் தீவு, கியூபெக் வழியாக நியூயார்க்கில் இறங்குகிறது.

ஆனால் நிஜத்தில் அந்தக் கோட்டிலேயே பறப்பது அரிது. சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் விமானம் பெரும்பாலும் வடகிழக்காகத் திரும்பி, பிலிப்பைன்ஸ் பக்கமாகவோ ஜப்பான் பக்கமாகவோ ஏறிப் பசிபிக் பெருங்கடலைக் கடந்து வட அமெரிக்காவுக்குள் நுழையும். இதில் தூரம் கூடும். ஆனால் நேரம் குறையும். காரணம் காற்று.

தரையிலிருந்து 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், நடு அட்சரேகைகளில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றாறு ஓடுகிறது. தாரைக்காற்று என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். குளிர்காலத்தில் ஜப்பானுக்குக் கிழக்கே இதன் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரைக்கூடத் தாண்டும். காவிரியில் வெள்ளம் ஓடும்போது பரிசல்காரர் துடுப்பை எவ்வளவு போடுகிறார் என்பதைவிட எந்த ஓட்டத்தில் விடுகிறார் என்பதுதான் முக்கியம் இல்லையா, அதே கதைதான்.

துருவ வழியில் வேறு சிக்கல்களும் உண்டு. ஜெட் எரிபொருள் கடுங்குளிரில் உறைய ஆரம்பிக்கும். பூமத்திய ரேகைக்கு மேலே நிலையாக நிற்கும் தகவல்தொடர்புச் செயற்கைக்கோள்கள் துருவத்தை எட்டிப் பார்க்க முடியாது. சூரியப் புயல் நாட்களில் அங்கே கதிர்வீச்சும் கூடுதல். எந்த நாடு தன் வான்வெளியில் பறக்கவிடும் என்பதும் இருக்கிறது. இதையெல்லாம் பார்த்து அன்றன்றைக்கு வழியை முடிவு செய்கிறார்கள். அதனால் நேற்றுப் போனவர் சொன்ன வழி இன்று நமக்குப் பொருந்தாது.

சரி, மொத்தம் எத்தனை மணி நேரம்?

நிற்காமல் போகும் விமானத்துக்குக் கால அட்டவணையில் பதினெட்டு மணி நேரத்துக்கும் பத்தொன்பது மணி நேரத்துக்கும் நடுவே போட்டிருப்பார்கள். இது வாசலிலிருந்து வாசல் வரையிலான கணக்கு. அதாவது சாங்கியில் விமானம் பின்னால் நகரும் நிமிடத்திலிருந்து நியூயார்க்கில் வந்து நிற்கும் நிமிடம் வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது எல்லாம் இதற்குள் அடக்கம். காற்று நன்றாக இருந்தால் வானில் இருக்கும் நேரம் பதினெட்டைவிடக் குறையும். 2018 அக்டோபரில் இந்தச் சேவை மறுபடியும் தொடங்கியபோது முதல் விமானம் பதினெட்டு மணி நேரத்துக்குள்ளேயே நியூவர்க்கில் இறங்கிவிட்டது.

இணையத்தில் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு நேரம் போட்டிருக்கிறதே?

பல தூரக்கணக்குப் பக்கங்கள் தூரத்தை ஒரு சராசரி வேகத்தால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி சேர்த்து ஒரு விடையைக் கொடுத்துவிடுகின்றன. 800 கிலோமீட்டர் வேகம் என்று வைத்தால் 19 மணி 40 நிமிடம் வரும். 900 என்று வைத்தால் 17 மணி 30 நிமிடம். ஒரே தூரத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் வித்தியாசம்!

இரண்டுமே காற்றைக் கணக்கில் எடுப்பதில்லை. ஓர் உதாரணம் சொல்கிறேன். விமானம் பசிபிக் வழியாக 16,500 கிலோமீட்டர் சுற்றிப் போகிறது என்று வையுங்கள். பின்னாலிருந்து சராசரியாக மணிக்கு 70 கிலோமீட்டர் காற்று தள்ளினால், 900 என்பது 970 ஆகிறது. 17 மணி நேரத்தில் போய்விடலாம். 1,100 கிலோமீட்டருக்கு மேல் கூடுதலாகப் பறந்தும், காற்றே இல்லாமல் நேர்கோட்டில் போகும் அதே நேரம்தான் ஆகிறது. காற்று இன்னும் பலமாக இருந்தால் சுற்றுவழிதான் சீக்கிரம். எதிர்காற்றில் நேர்கோட்டைப் பிடித்துக்கொண்டு போனால் அவ்வளவுதான்.

ஆகவே இணையப் பக்கத்தில் தூரத்தை நம்புங்கள். நேரத்துக்கு டிக்கெட்டைப் பாருங்கள்.

போகும்போதும் வரும்போதும் ஒரே நேரம்தானா?

பொதுவாக மேற்கிலிருந்து கிழக்கே போகும் பயணம் சீக்கிரம் முடியும், திரும்பி வருவது எதிர்காற்றில் இழுக்கும். இந்தப் பாதையில் மட்டும் ஒரு அழகான சலுகை இருக்கிறது. இரண்டு ஊரும் எதிரெதிர்ப் பக்கத்தில் இருப்பதால், கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் போகும்போது கிழக்கே பசிபிக் வழியாகப் போகிற விமானம், திரும்பும்போதும் கிழக்கேயே அட்லாண்டிக், ஐரோப்பா, ஆசியா என்று வருவது உண்டு. இரண்டு தடவையும் காற்று முதுகில்தான். அட்டவணையில் திரும்பும் பயணம் சற்றே கூடுதலாக இருக்கும், 18 மணி 50 நிமிடம் வாக்கில். மற்ற நீண்ட பாதைகளில் இருக்கும் அளவுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை.

எங்கள் பயணத்தில் அப்படித்தான் நடந்தது. போகும்போது பசிபிக், வரும்போது அட்லாண்டிக். திரையில் வரைபடத்தைக் காட்டி, "அம்மா, நீங்க உலகத்தையே ஒரு சுற்று சுற்றிட்டீங்க" என்றேன். கோயிலைச் சுற்றி வந்தாலே கால் வலிக்கிறது என்கிறவர், கொஞ்ச நேரம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பிள்ளையார் அம்மையப்பனைச் சுற்றி மாம்பழம் வாங்கியதைப் பேரனுக்குச் சொன்ன வாரமே முருகன் மாதிரி சுற்றிவிட்டு வருகிறோமே என்றார்.

இரண்டு ஊருக்கும் நேர வித்தியாசம் எவ்வளவு?

மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை 12 மணி நேரம். மற்ற மாதங்களில் 13. சிங்கப்பூர்தான் முன்னால்.

சிங்கப்பூர் கடிகாரம் வருடம் முழுக்க மாறுவதில்லை. அமெரிக்காதான் கோடைக்கு ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி, குளிருக்குப் பின்னால் இழுக்கிறது. சிங்கப்பூர் இருக்கும் தீர்க்கரேகைக்கு உண்மையில் உலக நேரத்தைவிட 7 மணி நேரம்தான் கூட வேண்டும். 1982-ன் முதல் நாளிலிருந்து 8 மணி நேரம் என்று வைத்துக்கொண்டிருக்கிறார்கள். இங்கே ஏழு மணிக்குத்தான் விடிகிறது என்று ஊரிலிருந்து வருகிறவர்கள் ஆச்சரியப்படுவது அதனால்தான்.

கோடையில் போகிறவர்களுக்கு ஒரு வசதி. முள் கடிகாரத்தைத் தொடவே வேண்டாம். அம்மா கட்டியிருப்பது சாவி கொடுக்கும் பழைய எச்எம்டி. நியூயார்க்கில் இறங்கியதும் அதைக் கழற்றி என்னிடம் நீட்டினார், மாற்றித் தரச் சொல்லி. ஏழேகால் காட்டியது. சுவரில் இருந்த கடிகாரத்திலும் ஏழேகால். சிங்கப்பூரில் காலை ஏழேகால், இங்கே மாலை ஏழேகால். அந்த நான்கு மாதமும் அம்மா கடிகாரத்தைத் திருப்பவில்லை. அப்பாவுக்குத் தொலைபேசியில் பேசும்போது, 'உங்களுக்கும் இதே மணிதான், நான் சாப்பிடப் போறேன், நீங்க இட்லி சாப்பிட்டாச்சா?' என்பார்.

எந்தக் கிழமையில் போய்ச் சேருவோம்?

எல்லாரையும் குழப்புவது இதுதான். போகும்போது மதியம் கிளம்பினால் அதே நாளில் இறங்குவோம். வரும்போது இரவில் கிளம்பினால் இரண்டு நாள் கழித்து இறங்குவோம்.

வெள்ளிக்கிழமை மதியம் 12 மணிக்குச் சாங்கியில் ஏறுகிறீர்கள் என்று வையுங்கள். பதினெட்டரை மணி நேரம் கழித்துச் சிங்கப்பூரில் சனிக்கிழமை காலை ஆறரை. கோடையில் நியூயார்க்கில் அப்போது வெள்ளி மாலை ஆறரைதான். நடுவே ஒரு முழு இரவு வானில் வந்து போகும். பசிபிக்கில் சர்வதேசத் தேதிக்கோட்டைக் கடக்கும்போது, சனிக்கிழமைக்குள் ஒரு காலை வைத்துவிட்டு மறுபடி வெள்ளிக்குத் திரும்புகிறோம்.

அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை விரதம். தூங்கி எழுந்து ஜன்னல் மூடியைத் தூக்கிப் பார்த்தார். கீழே வெள்ளை வெளேரென்று மேகம், நல்ல வெயில். "விடிஞ்சிடுச்சு, இனிமே சாப்பிடலாம்ல?" என்றார். இன்னும் வெள்ளிக்கிழமைதான் என்றேன். "ஒரு ராத்திரி தூங்கி எழுந்தும் வெள்ளிக்கிழமையா? ஏம்மா, எத்தனை வெள்ளிக்குத்தான் நான் விரதம் இருக்கிறது?" விரதம் இருக்கிறவர்கள், ஏகாதசி பார்க்கிறவர்கள் கிளம்பும் முன்பே எந்த ஊர்க் கணக்கை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்துவிடுங்கள். அம்மா புறப்பட்ட ஊர்க் கணக்குதான் சரி என்று சொல்லி ஒரு ஆப்பிள் சாப்பிட்டார்.

திரும்பும்போது வெள்ளி இரவு பத்தரைக்கு ஏறினால், ஞாயிறு அதிகாலை ஐந்தேகால் சுமாருக்குச் சிங்கப்பூர். சனிக்கிழமை முழுக்க விமானத்திலேயே போய்விடும். திங்கள் வேலைக்குப் போக வேண்டியவர்கள் இதைப் பார்த்து டிக்கெட் எடுங்கள். வருகைத் தேதிக்குப் பக்கத்தில் சின்னதாக '+2' என்று போட்டிருக்கும், அதைக் கவனிக்காமல் விமான நிலையத்துக்கு ஆளை ஒரு நாள் முன்னதாக வரச் சொன்னவர்கள் எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறார்கள்.

'டைரக்ட்' என்றால் நிற்காமல் போகும் என்றுதானே அர்த்தம்?

இல்லை. இதைத் தயவுசெய்து நினைவில் வையுங்கள். விமானத் துறையில் 'டைரக்ட்' என்றால் விமான எண் மாறாது என்றுதான் பொருள். நடுவில் ஒரு ஊரில் இறங்கி ஏறலாம். நிற்காமல் போவது 'நான்-ஸ்டாப்'.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸிலேயே நியூயார்க்குக்கு இரண்டு விதமும் உண்டு. எஸ்க்யூ 24 நிற்காமல் கென்னடிக்குப் போகிறது, எஸ்க்யூ 22 நிற்காமல் நியூவர்க்குக்கு. எஸ்க்யூ 26 ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட்டில் நின்று கென்னடிக்குப் போகிறது. ஃபிராங்ஃபர்ட் வழியாகத் தூரம் சுமார் 16,450 கிலோமீட்டர். நிற்கும் நேரத்தோடு சேர்த்தால் இருபது மணி நேரத்தைத் தாண்டிவிடும்.

அம்மாவை முதல் தடவை அழைத்துப் போனபோது டிக்கெட் எடுத்துக் கொடுத்த ஏஜென்ட்டிடம், முட்டிவலி இருக்கிறது, எங்கேயும் இறங்கி ஏறாத விமானம் வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னேன். 'டைரக்ட்தாங்க' என்றார். விமானம் இறங்கத் தொடங்கியபோது அம்மா நியூயார்க் வந்துவிட்டது என்று தலையைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தார். வந்தது ஃபிராங்ஃபர்ட். பைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கி, நடந்து, காத்திருந்து, மறுபடியும் ஏறினோம். அம்மா என்னைக் குறை சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அடுத்த தடவை 'எத்தனை ஸ்டாப்?' என்று கேட்டு, பூஜ்யம் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டேன்.

நிற்காத விமானத்தில் எகானமி இருக்கை உண்டா?

கிடையாது. பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94, மொத்தம் 161 இருக்கைகள்தான். இதே ரக விமானத்தின் சாதாரண வடிவம் முந்நூறு பேர் வரை ஏற்றிக்கொண்டு போகும். ஆளைக் குறைத்தால்தான் எரிபொருளோடு கிளம்ப முடியும். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இது பெரிய செலவு. எகானமியில்தான் போக முடியும் என்றால் ஃபிராங்ஃபர்ட் வழியோ, தோக்கியோ, துபாய், தோஹா போன்ற ஊர்களில் மாறும் வழிகளோ பார்க்கலாம்.

இவ்வளவு தூரத்துக்கு எரிபொருள் எப்படிப் போதுகிறது?

ஓடுவது ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர், அதாவது மிக நீண்ட தூரம் பறப்பதற்கான வடிவம். இந்த வகை விமானம் உலகத்தில் மொத்தமே ஏழுதான். ஏழும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸிடம் இருக்கின்றன. சாதாரண ஏ350-900-ல் 1,41,000 லிட்டர் பிடிக்கும். இதில் 1,65,000 லிட்டர். தனியாகத் தொட்டி எதுவும் சேர்க்கவில்லை. இருக்கிற தொட்டிகளிலேயே எரிபொருள் அமைப்பை மாற்றி இந்த இடத்தைச் சம்பாதித்தார்கள். முன்பக்கச் சரக்கு அறையைப் பயன்பாட்டிலிருந்தே எடுத்துவிட்டார்கள். தொட்டியை முழுக்க நிரப்பினால் எரிபொருள் மட்டும் 130 டன் வாக்கில் இருக்கும். விமானம் தரையை விட்டு எழும்ப அனுமதிக்கப்பட்ட மொத்த எடையே 280 டன்தான்.

நீண்ட தூர விமானத்தின் தலைவலி இங்கேதான். கடைசி மணி நேரத்துக்கான எரிபொருளை முதல் பதினேழு மணி நேரமும் சுமக்க வேண்டும், சுமப்பதற்கும் எரிபொருள் செலவாகும். பாலைவனத்தைத் தாண்ட ஒட்டகத்தின் மேல் தண்ணீர் ஏற்றினால், அந்தத் தண்ணீரில் பாதியை ஒட்டகமே குடித்துவிடுவது மாதிரி.

இந்தச் சேவை ஒருமுறை நின்றுபோனதே இதனால்தான். 2004 ஜூனில் ஏர்பஸ் ஏ340-500 என்ற நான்கு எஞ்சின் விமானத்தில் சிங்கப்பூர் – நியூவர்க் தொடங்கினார்கள். முதலில் 181 இருக்கைகள். 2008-ல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு 100 பிசினஸ் இருக்கைகள் மட்டும் வைத்துப் பார்த்தார்கள். எரிபொருள் விலையில் நான்கு எஞ்சின் தாங்கவில்லை. 2013 நவம்பரில் நிறுத்திவிட்டார்கள். ஐந்து வருடம் இரண்டு ஊருக்கும் நடுவே நிற்காத விமானமே இல்லை. எடை குறைந்த கலப்புப் பொருட்களால் கட்டிய இரட்டை எஞ்சின் ஏ350 வந்த பிறகு, 2018 அக்டோபர் 11-ல் மறுபடியும் தொடங்கியது. கொரோனாவில் திரும்பவும் நின்று, 2020 நவம்பர் 9 முதல் கென்னடிக்குப் பறக்க ஆரம்பித்தது. நியூவர்க் 2022-ல் திரும்பியது.

இரண்டே எஞ்சினோடு இவ்வளவு பெரிய கடலைத் தாண்டலாமா?

தாண்டலாம். ஒரு எஞ்சின் நின்றுபோனால் மற்றொன்றில் பறந்து எத்தனை நிமிடத்துக்குள் ஒரு விமான நிலையத்தை எட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. ஏ350-900-க்கு 370 நிமிடம் வரை ஒப்புதல் கிடைத்திருக்கிறது. அதாவது ஆறு மணி நேரத்துக்கும் மேல் ஒற்றை எஞ்சினில் பறக்கத் தகுந்தது.

விமானி தூங்குவாரா?

தூங்குவார், தூங்கத்தான் வேண்டும். நான்கு விமானிகள் போகிறார்கள். இரண்டு பேர் ஓட்டும்போது இரண்டு பேர் தனி அறையில் படுத்திருப்பார்கள். பணிப்பெண்களுக்கும் பணியாளர்களுக்கும் இதே மாதிரி முறை வைத்து ஓய்வு உண்டு.

வயதானவர்கள் பதினெட்டு மணி நேரம் தாங்குவார்களா?

பெரும்பாலும் தாங்குவார்கள், ஆனால் கிளம்பும் முன் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். முக்கியமாக இரண்டு விஷயம்.

ஒன்று, கால். அசையாமல் உட்கார்ந்தே இருந்தால் காலின் ஆழத்தில் இருக்கும் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையும் ஆபத்து உண்டு. முன்பு அப்படி வந்தவர்கள், சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்தவர்கள், கர்ப்பிணிகள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இறுக்கமான காலுறை வேண்டுமா என்று மருத்துவரிடமே கேளுங்கள். நடைபாதை ஓர இருக்கை வாங்குங்கள். ஜன்னலோரம் உட்கார்ந்தால், பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்பக் கூச்சப்பட்டு எழுந்திருக்கவே மாட்டார்கள். அம்மா தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார், கழிவறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று. இது நம் வீட்டுப் பெண்கள் எல்லாரும் செய்வது. அருகே இருப்பவர்தான் கவனித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் எழுப்பி, பின்பக்கம் வரை நடக்க வைத்து, தண்ணீர் கொடுக்க வேண்டும்.

இரண்டு, மாத்திரை. 12 மணி நேர வித்தியாசத்தில் காலை மாத்திரை இரவாகிறது, இரவு மாத்திரை காலையாகிறது. எந்த மாத்திரையை எப்போது, எப்படி மாற்றுவது என்பதை நாமாக முடிவு செய்யக் கூடாது, இன்சுலின் போடுகிறவர்கள் நிச்சயமாக. எங்கள் மருத்துவர் ஒரு தாளில் சிங்கப்பூர் மணிப்படியே வரிசையாக எழுதிக் கொடுத்தார். நான் ஒவ்வொரு வேளை மாத்திரையையும் சின்ன உறையில் போட்டு, மேலே மணியை எழுதி, ரப்பர் பேண்ட் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். அம்மாவின் எச்எம்டி எப்போதும் சிங்கப்பூர் மணிதானே காட்டியது, அதைப் பார்த்து அவரே எடுத்துக்கொண்டார். மாத்திரைகளைக் கீழே போகும் பெட்டியில் போட்டுவிடாதீர்கள்.

காற்றழுத்தத்தில் இந்த விமானம் பரவாயில்லை. பழைய விமானங்களில் உள்ளே 8,000 அடி மலைமேல் இருப்பது போன்ற அழுத்தம், ஊட்டியைவிட உயரம். ஏ350-ல் 6,000 அடி, குன்னூர் மாதிரி.

சைவச் சாப்பாடு?

இந்திய சைவ உணவு கிடைக்கும். புறப்பட ஒரு நாளுக்கு முன்பே பதிவு செய்துவிட வேண்டும். வீட்டில் செய்ததைக் கொண்டுபோய் விமானத்தில் சாப்பிடலாம், ஆனால் மிச்சத்தோடு அமெரிக்காவில் இறங்காதீர்கள். பழம், காய், இறைச்சி எதுவாக இருந்தாலும் சுங்கத்தில் சொல்லியாக வேண்டும்.

கென்னடியா, நியூவர்க்கா?

யார் வீட்டுக்குப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. குயின்ஸ், லாங் ஐலண்ட் பக்கம் என்றால் கென்னடி. ஃபிளஷிங் கணேசர் கோயிலும் அந்தப் பக்கம்தான், அடித்தளத்தில் இருக்கும் கேன்டீனில் தோசை சாப்பிடாமல் வராதீர்கள். எடிசன், ஜெர்சி சிட்டி, பிரின்ஸ்டன் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நியூவர்க். கென்னடியில் இறங்கி நியூஜெர்சிக்குப் போக நகரத்தையே குறுக்கே கடக்க வேண்டும். மாலை நெரிசலில் அந்தக் கடைசி எழுபது கிலோமீட்டர் அம்மாவுக்குப் பதினெட்டு மணி நேரத்தைவிட நீளமாக இருந்தது.

சென்னையிலிருந்து சிங்கப்பூர் வழியாக நியூயார்க் போவது நல்லதா?

தூரம் பார்த்தால் இல்லை. சென்னையிலிருந்து நியூயார்க்குக்கு நேர்தூரம் சுமார் 13,470 கிலோமீட்டர். துபாயில் மாறிப் போனால் 13,930 வாக்கில் வரும், சொல்லப்போனால் வழியிலேயே இருக்கிறது. சிங்கப்பூர் வழியாக வந்தால் 18,270. நாலாயிரத்துக்கும் மேல் கூடுதல். சிங்கப்பூரில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகிறோம் என்றால் வாருங்கள், அது வேறு கணக்கு.

இதைவிட நீளமான விமானம் வருமா?

ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ், சிட்னியிலிருந்து லண்டனுக்கு நிற்காமல் பறக்கத் திட்டமிட்டு ஏ350-1000 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறது. அந்தத் தூரம் சுமார் 17,000 கிலோமீட்டர். அது ஓட ஆரம்பித்தால் சிங்கப்பூர் – நியூயார்க் முதலிடத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதுதான்.

விமானம் எங்கே இருக்கிறது என்று வீட்டிலிருந்து பார்க்க முடியுமா?

ஃபிளைட்ரேடார்24 போன்ற செயலியில் விமான எண்ணைப் போட்டால் வரைபடத்தில் காட்டும். நடுப் பசிபிக்கில் சில சமயம் விமானம் காணாமல் போகும், அல்லது உத்தேசமான இடத்தைக் காட்டும். தரையில் இருக்கும் கருவிகள் அவ்வளவு தூரம் எட்டாததால்தான், பயப்பட ஒன்றுமில்லை. அலாஸ்கா, கனடா பக்கம் வந்ததும் மறுபடி தெரியும்.

அழைக்க வருகிறவர்கள் இறங்கும் நேரத்துக்கே வந்து நிற்க வேண்டாம். குடிநுழைவு வரிசை, பெட்டி எல்லாம் முடிய ஒன்றரை மணி நேரமாவது ஆகும். அக்கா, விமானம் கனடா எல்லையைத் தாண்டி அமெரிக்காவுக்குள் நுழைந்ததும் அடுப்பில் ரசத்தை வைப்பார். இறக்கி வைத்துவிட்டு, மூடிபோட்டு, அப்புறம்தான் கார் சாவியை எடுப்பார்.